வரையத் தெரியாதவர் கியூரேட்டர் ஆகலாமா?

கேள்வி: மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் கடைசி வருடம் படிக்கிறாள். சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் கியூரேட்டர் ஆகப்போகிறாளாம். அவளுக்குக் கோலம்கூட ஒழுங்காகப் போட வராது. நடக்கிற காரியமா? (ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: கோலத்தை விடுங்கள். கியூரேட்டரின் வேலை வரைவது அல்ல, எந்தப் படைப்புகளைக் காட்டுவது என்று தேர்ந்தெடுத்துக் கண்காட்சி அமைப்பதும் அவற்றைப் பாதுகாப்பதும்தான். ஒக்வுயி என்வேசோர் என்று ஒரு கியூரேட்டர் இருந்தார், படித்தது உங்கள் மகள் படிக்கும் அதே பாடம். 1963-இல் நைஜீரியாவில் பிறந்து, 1982-இல் அமெரிக்கா போய், நியூஜெர்சியில் அரசியல் அறிவியல் பட்டம் வாங்கி, நியூயார்க்கில் கவிதை எழுதிக்கொண்டு கேலரி கேலரியாகச் சுற்றியவர். எங்கு போனாலும் ஆப்பிரிக்கக் கலைஞர்களைக் காணோம். சரி, நாமே எழுதுவோம் என்று 1994-இல் சிலரோடு சேர்ந்து 'என்கா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். இரண்டே வருடத்தில் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர்களின் கண்காட்சியை அமைத்தவர்களில் அவரும் ஒருவர்.

அப்புறம் 2002-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் டாகுமெண்டா. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்தப் பெரிய கண்காட்சிக்கு ஐரோப்பியர் அல்லாத முதல் இயக்குநர் இவர்தான். மனிதர் அதைக் காசெலோடு நிறுத்தவில்லை, அதற்கு முன்பே வியன்னா, டெல்லி, லாகோஸ் என்று ஊர் ஊராக விவாதக் கூட்டங்கள் போட்டார். டெல்லியில் பேசியது ஓவியத்தைப் பற்றியே அல்ல, கொடுமைகளுக்குப் பிறகு ஒரு நாடு உண்மையையும் நீதியையும் எப்படித் தேடுவது என்பதைப் பற்றி. அரசியல் அறிவியல் வீண் போகவில்லை பாருங்கள்! 2011-இல் மியூனிக்கின் ஹவுஸ் டெர் குன்ஸ்ட் என்ற கலைக்கூடம் அவர் பொறுப்புக்கு வந்தது. 'ஜெர்மன் கலை'யைக் காட்டவென்றே ஹிட்லர் கட்டி 1937-இல் திறந்த கட்டடம் அது, அதில் ஒரு நைஜீரியர் இயக்குநர் நாற்காலியில்! 2019-இல் 55 வயதில் இறந்துபோனார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் பெரிய அருங்காட்சியகங்கள் கலை வரலாற்றிலோ அருங்காட்சியகவியலிலோ முதுகலைப் பட்டம் கேட்கின்றன. அது எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். பார்க்கிற கண்காட்சியைப் பற்றி நாலு பக்கம் எழுத இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வாழைப்பழத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டினால் கலையாம். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கியூரேட்டர் வேறயா? (ஒரு வாசகர், தேனி)

பதில்: தேனிக்காரருக்கு வாழை என்றால் கோபம் வரத்தான் செய்யும். 2019-இல் அமெரிக்காவின் மயாமியில் மவுரிசியோ கட்டெலான் என்ற இத்தாலியக் கலைஞர் ஒட்டியது அது. மறு வருடமே குகன்ஹைமுக்கு நன்கொடையாக ஒரு பிரதி வந்தது. வந்தது பழம் இல்லை, ஒரு சான்றிதழும் 14 பக்கக் குறிப்பும்: தரையிலிருந்து 175 செ.மீ. உயரம், ஏழு முதல் பத்து நாளுக்குள் பழத்தை மாற்ற வேண்டும் என்றெல்லாம். பழம் அழுகும், படைப்பு அழுகாது என்பது கணக்கு. எனக்கும் இது கொஞ்சம் குறும்பாகத்தான் படுகிறது, ஆனால் அந்த அருங்காட்சியகத்தின் முன் நிற்கிற கேள்வி நிஜமானது. நூறு வருடம் கழித்து இதில் எதைக் காப்பாற்ற வேண்டும்? காகிதத்தில் வரைந்த படத்துக்கு இந்தத் தலைவலி கிடையாது, படம் மங்கிவிடாதபடி வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு, 50 என்றால் மங்கலான வெளிச்சம்தான்) மேல் போகாமல் பார்த்து, சில மாதத்தில் கழற்றி இருட்டறைக்குள் வைத்துவிடுவார்கள்.

கேள்வி: கியூரேட்டருக்குத் தமிழில் சொல்லே இல்லையா? (ஒரு ஆசிரியர், கடலூர்)

பதில்: இருக்கிறதே, காப்பாட்சியர். நம் அரசு அருங்காட்சியகங்களில் பதவியின் பெயரே அதுதான்.