கதையில் வரும் நவாப் என் கணவரா?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 34 வயது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கிராமம். ஊர் பெயரைப் போட வேண்டாம். கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது, ஒன்பது வயதில் ஒரு பெண் இருக்கிறாள். வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஒரு நாளும் என்மேல் கை வைத்ததில்லை. சம்பளத்தை அப்படியே என்னிடம் கொடுத்துவிடுவார். "உனக்கென்னடி குறைச்சல், தங்கமான மாப்பிள்ளை" என்பார்கள் எங்கள் அம்மா வீட்டில்.

ஆனால் மகள் பிறந்த பிறகு அவர் என் பக்கம் வருவதே இல்லை. அதற்கு முன்பும் கடமைக்குத்தான். நல்லதாக உடுத்திப் பார்த்தேன், உடம்பைக் குறைத்துப் பார்த்தேன், ஜோசியர் சொன்ன பரிகாரமெல்லாம் செய்தேன். அவருக்கு ஐ.டி.ஐ. காலத்து நண்பர் ஒருவர் உண்டு. அவர் வந்தால் மட்டும் என் வீட்டுக்காரர் முகமே மாறிவிடும், விடிய விடிய மாடியில் பேச்சு நடக்கும். அந்த நண்பரின் கல்யாணத்தில் நாள் முழுக்கப் பந்தி பரிமாறியவர், ராத்திரி மண்டபத்துக்குப் பின்னால் கை கழுவும் இடத்தில் தனியாக நின்று அழுததைப் பார்த்தேன். பெற்ற அப்பா இறந்தபோதுகூட அவர் அழவில்லை.

போன மாதம் கிளை நூலகத்தில் எடுத்த ஒரு தொகுப்பில் இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' கதையைப் படித்தேன். நவாபைப் பற்றிய பக்கம் வந்ததும் கை நடுங்கிவிட்டது. ஒரு கதையைப் படித்துவிட்டுக் கட்டின புருஷனைச் சந்தேகப்படுவது பாவமா? அந்தக் கதையை அவரிடம் படிக்கக் கொடுக்கலாமா? மாமியார் வேறு இரண்டாவது குழந்தை கேட்டு நச்சரிக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புத் தங்கைக்கு,

பாவமில்லை. பத்து வருடமாக மனதில் கிடந்த கேள்விக்கு ஒரு கதையில் உருவம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கேள்விக்கு உருவம் கிடைத்ததாலேயே பதிலும் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் புடவையை மாற்றினாலும் உடம்பைக் குறைத்தாலும் இது மாறியிருக்காது. உங்களிடம் குறை இல்லை.

அந்தக் கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுக்தாய் இதை உருதுவில் எழுதியது 1942இல். லிஹாஃப் என்றால் பஞ்சு வைத்த போர்வை. ஏழை வீட்டுப் பெண் ஒருத்தியை வயதில் மூத்த ஒரு நவாபுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். அவர் வீட்டுப் படியில் ஒரு தாசி ஏறியதில்லை என்பதால் ஊரில் அவருக்கு நல்ல பெயர். ஆனால் படிப்புச் செலவைத் தானே ஏற்று, அழகான இளைஞர்களை எந்நேரமும் சுற்றி வைத்திருக்கிறார். மனைவியான பேகத்தை வீட்டுச் சாமான்களோடு ஒரு சாமானாக வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். அவள் தாயத்து கட்டுகிறாள், வேண்டுதல் வைக்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தனக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ரப்பு என்ற பணிப்பெண்ணிடம் ஆறுதல் தேடிக்கொள்கிறாள். ஆபாசம் என்று லாகூரில் வழக்கு போட்டார்கள். ஆபாசமான சொல் எதையும் காட்ட முடியாமல் வழக்கு விழுந்துபோனது.

"குடி கிடையாது, சீட்டு கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். நவாபுக்கு ஊர் கொடுத்த சான்றிதழும் இந்த மாதிரிதான். உங்கள் கை நடுங்கியது இந்த இடமாகத்தான் இருக்கும். குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அழுதால் நாலு பேர் வந்து உட்காருவார்கள். தங்கமான மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டவள் அழுதால் திமிர் என்பார்கள். அம்மாவிடம்கூடச் சொல்ல முடியாமல் நீங்கள் பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அந்த வலியைச் சுக்தாய் சரியாகப் பிடித்திருக்கிறார்.

ஆனால் அந்தக் கதையில் நவாப் என்ன நினைத்தார் என்று ஒரு வரி உண்டா? அவர் பயந்தாரா, யாரையாவது நேசித்தாரா, யார் வற்புறுத்திக் கட்டிவைத்தார்கள், எதுவும் கிடையாது. சுக்தாய்க்கு அது வேண்டியிருக்கவில்லை, அவர் பார்வை பேகத்தின்மேல் இருந்தது. இந்த விஷயத்தைத் தொட்ட ஆரம்பகாலக் கதைகள் பலவற்றிலும் எனக்கு உறுத்துவது இதுதான்: இருவரில் ஒருவர் முகம் தெரியாமலே போய்விடுகிறது.

1902இல் பிரெஞ்சில் ஆந்த்ரே ழீத் எழுதிய நாவலில், சாகக் கிடக்கும் அப்பாவின் திருப்திக்காக மிஷேல் மார்சலினைக் கட்டிக்கொள்கிறான். அவனுக்குக் காசநோய் வந்தபோது கூடவே இருந்து தேற்றுகிறாள். பிறகு அவளுக்கு அதே நோய் வந்தபோது, அவன் தன் மனம் இழுக்கும் ஊர்களுக்கெல்லாம் அவளை இழுத்துக்கொண்டு அலைகிறான். அவள் செத்தே போகிறாள். கதை முழுக்க அவன் சொல்வதுதான், மார்சலினுக்கு என்ன தெரியும் என்று நமக்குத் தெரியாது. ழீத்தின் சொந்த வாழ்க்கையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. 1895இல் மாமன் மகள் மதலேனைக் கட்டினார். 1918இல் அவர் ஓர் இளைஞனோடு இங்கிலாந்து போனபோது, வருடக்கணக்காக அவர் தனக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் அந்தம்மாள் எரித்துவிட்டார். தன் பக்கத்தை மதலேன் எழுதி வைக்கவில்லை. அந்த அடுப்புச் சாம்பலைத்தான் நான் அவருடைய பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆங்கிலத்தில் இ.எம். ஃபார்ஸ்டர் 1913, 14இல் 'மாரிஸ்' நாவலை எழுதி முடித்தார். வெளியே விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்ததால், அவர் இறந்த பிறகு 1971இல்தான் அது அச்சானது. அதில் கிளைவ் என்பவன் இன்னொரு ஆணை மனதார நேசித்துவிட்டு, பிறகு விலகி, ஆன் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு பெரிய மனிதனாகிறான். நாவல் எப்படி முடிகிறது தெரியுமா? ஆனிடமிருந்து இதை எப்படி மறைப்பது என்று யோசித்தபடி கிளைவ் வீட்டுக்குள் போகிறான். ஆனுக்குக் கடைசி வரை ஒன்றும் தெரியாது. முதல் தடவை படித்தபோது மாரிஸுக்காகச் சந்தோஷப்பட்டேன். இப்போது ஆனை நினைத்துத்தான் எனக்கு ஆறவில்லை.

தமிழில் கரிச்சான் குஞ்சு 1978இலேயே 'பசித்த மானிடம்' நாவலில் ஆணுக்கும் ஆணுக்குமான உறவைக் கூசாமல் எழுதியிருக்கிறார். அதனால் இது எங்கோ வெளியூரிலிருந்து வந்த வழக்கம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் வீட்டில் இரண்டு முகமும் தெரிய வேண்டும். கதையில் விட்டுப்போன முகத்தை நீங்கள் பார்க்கப் போகிறீர்கள். கை கழுவும் இடத்தில் நின்று அழுத மனிதரை இந்தக் கதைகளில் யாரும் எழுதவில்லை, நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதும்போது உங்களுக்குக் கோபத்தைவிட இரக்கம்தான் அதிகம் இருந்திருக்கிறது என்று படுகிறது. உங்கள் கல்யாணம் நடந்த சமயத்தில் 377ஆவது சட்டப்பிரிவு அப்படியே இருந்தது. மனம் ஒப்பிய இரண்டு ஆண்களின் உறவும் அதில் குற்றம். 2018 செப்டம்பர் 6 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அந்த உறவு குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. ஒருவேளை நீங்கள் நினைப்பது சரியாக இருந்தால், பொண்ணு பார்க்கப் போவோம் என்று வீட்டில் கிளம்பியபோது வாய் திறக்க அவருக்கு ஒரு வழியும் இருந்திருக்காது. அதற்காக உங்களுக்கு நடந்தது நியாயம் என்று ஆகாது. உங்களுக்கு அநியாயம் நடந்திருக்கிறது, அவருக்கும்தான்.

ஆனால் நினைப்பது சரியா என்பது இன்னும் தெரியாது. ராத்திரி ஷிப்ட், சர்க்கரை, பிரஷர் மாத்திரை, மனச்சோர்வு, இவை ஒவ்வொன்றும் ஒருவரை இப்படி விலக்கி வைக்கும். ஆண், பெண் இருவரிடமும் ஈர்ப்புள்ளவர்கள் உண்டு, யாரிடமும் அவ்வளவாக ஈர்ப்பே இல்லாதவர்களும் உண்டு. நண்பனின் கல்யாணத்தில் அழுவது மட்டுமே சாட்சியும் ஆகாது. அவர் சொன்னால்தான் உண்டு.

அதனால் கதையை இப்போது கொடுக்காதீர்கள். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மடித்து அவர் கையில் கொடுத்தால், குற்றப்பத்திரிகை கொடுத்த மாதிரி ஆகிவிடும். நவாபாகத் தன்னைப் பார்க்கிற எவரும் வாயை இறுக மூடிக்கொள்வார்கள். போனை எடுத்துத் துருவவும் வேண்டாம். மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, அவருக்கு வார லீவு வருகிற நாளில் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்து பேசலாம். வீட்டுச் சுவருக்குள் மாமியார் காது இருக்கும். "நீங்க அப்படியா?" என்று ஆரம்பிக்காமல் உங்களைப் பற்றி ஆரம்பியுங்கள். "இத்தனை வருஷமா என்கிட்டதான் ஏதோ குறைன்னு நெனைச்சு அழுதுட்டு இருக்கேன். உங்க மனசுல என்ன இருந்தாலும் சொல்லுங்க, நான் ஊரைக் கூட்ட மாட்டேன்." இந்த அளவு போதும். அன்றைக்கே பதில் வராமல் போகலாம். பல வருடம் பூட்டிய வாய், இரண்டு மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கும். அவர் சொல்லிவிட்டால், அதை உங்கள் அண்ணனிடமோ அவர் அம்மாவிடமோ அவர் அனுமதி இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். உங்களுக்கும் மனதை இறக்கி வைக்க இடம் வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

அவர் ஆமாம் என்று சொன்னால், உடனே "சரி பண்ணிடலாம்" என்று டாக்டரையோ சாமியாரையோ தேடி ஓடுபவர்கள் உண்டு. நீங்கள் ஓடாதீர்கள். இது நோயே அல்ல. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படி 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் செய்வதற்குத் தடை போட்டார். தீர்ப்பு எழுதும் முன் தானே ஓர் உளவியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டவர் அவர். அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையமும் அந்த வைத்தியம் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஊசி, மருந்து, பூஜை என்று பணம் கேட்பவர் யாரானாலும் உங்களை ஏமாற்றுகிறார்.

கூச்சப்படாமல் இன்னொன்றும் செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கும். எச்.ஐ.வி. பரிசோதனை அங்கே இலவசம், ரகசியமும் காப்பார்கள். இருவருமே போய் வாருங்கள். கணவரைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. தெரியாமல் பயந்துகொண்டிருப்பதைவிடத் தெரிந்துகொள்வது நல்லது.

பிறகு சேர்ந்து இருப்பதா, பிரிவதா? இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உடலுறவு இல்லாமலே நல்ல தோழர்களாக, பிள்ளைக்கு அப்பா அம்மாவாக, ஒளிவுமறைவின்றி வாழ்கிறவர்கள் உண்டு. ஆனால் 34 வயதில் உங்களுக்கு ஆசை இருப்பது தப்பே இல்லை, அதை அடக்கித்தான் தீர வேண்டும் என்று எவரும் உங்களுக்கு விதிக்க முடியாது. பிரிவதென்றால் ஒருவர்மேல் ஒருவர் சேறு வாரிப் பூசத் தேவையில்லை. இந்து திருமணச் சட்டத்தில் இருவரும் சம்மதித்துப் பிரிய 13பி பிரிவு இருக்கிறது. ஒரு வருடம் பிரிந்திருந்தால் சேர்ந்து மனுப் போடலாம், காரணத்தை ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை. அதன்பிறகு ஆறு மாதக் காத்திருப்பு, அதைக்கூட நீதிமன்றம் நினைத்தால் குறைக்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம். 15100க்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள். மகளின் படிப்புச் செலவு, நகை, உங்கள் பெயரில் ஏதாவது வருமானம், இதையெல்லாம் பேசி எழுத்தில் வாங்காமல் எந்தக் கையெழுத்தும் போடாதீர்கள்.

பேகம் என்ன ஆனாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கதைக்கு மூலமாக இருந்த பெண்ணைப் பல வருடம் கழித்து ஒரு விருந்தில் சந்தித்ததாகச் சுக்தாய் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். திட்டப் போகிறாள் என்று பயந்திருக்கிறார். அந்தப் பெண்ணோ, நவாபை விவாகரத்து செய்து, மறுமணம் செய்து, பிள்ளை பெற்று நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். 'லிஹாஃப்' தொகுப்பில் இது இருக்காது என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்கள் மகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கதையைச் சொல்வது ஒரு சின்னப் பெண், கவனித்தீர்களா? பெரியவர்கள் மறைத்ததெல்லாம் ராத்திரி சுவரில் யானை மாதிரி அசையும் போர்வையின் நிழலாக அவள்மேல்தான் விழுகிறது. பேகத்தின் கை அத்துமீறுவதும் அந்தக் குழந்தையிடம்தான். நாம் பேகத்துக்காக இரக்கப்படும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம், தாண்டக் கூடாது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அப்பாவின் விருப்பம் எதுவென்று இப்போது தெரிய வேண்டியதில்லை. ஆனால் அம்மா ஏன் அழுகிறாள் என்று அவள் தினம் யோசிப்பாள். தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வாள். "அம்மா அழுறது உன்னால இல்லை, அப்பாவும் அம்மாவும் பேசிச் சரிபண்ணிக்கிட்டு இருக்கோம்" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அந்த நண்பரை வீட்டுக்கு வரவிடாமல் செய்யலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். கணவரோடு பேசி முடிக்கும் வரை அதைத் தொடாதீர்கள். அந்த நண்பருக்கும் இப்போது ஒரு மனைவி இருக்கிறாள், அந்தப் பெண்ணையும் மறக்க வேண்டாம்.

மாமியாருக்குப் பதில் இப்போதே சொல்லலாம், அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தடவை கேட்டால் தலையைக் குனியாமல், குரலை உயர்த்தாமல், "அதை உங்க பிள்ளைகிட்டயே கேளுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.