வாட்ஸ்அப்பிலிருந்து தொடங்காதீர்கள்

கேள்வி: உள்நாட்டுச் செயலிக்கு மாறுங்கள் என்று அமைச்சர்கள் சொன்னதைக் கேட்டு 2025 அக்டோபரில் ‘அரட்டை’ செயலியை நிறுவி, உறவினர்கள் எல்லோரையும் அழைத்தேன். வந்தவர்கள் சிலரே, பொங்கலுக்குள் அவர்களும் வாட்ஸ்அப்பிற்கே திரும்பிவிட்டார்கள். நம்மவர்களுக்குப் பற்று இல்லையா, செயலி சரியில்லையா?
— வாசகர், ஈரோடு

பதில்: இரண்டையும் குறை சொல்ல வேண்டியதில்லை. உள்நாட்டுச் சேவைக்கு மாறுவதில் எது மிகக் கடினமோ, அதிலிருந்து தொடங்கிவிட்டீர்கள். செய்திச் செயலியை மக்கள் அதன் வசதிகளுக்காகப் பயன்படுத்துவதில்லை. தமக்கு வேண்டியவர்கள் அங்கே இருப்பதால் பயன்படுத்துகிறார்கள். வாட்ஸ்அப்பில் இருப்பவருக்கு அரட்டையிலிருந்து செய்தி அனுப்ப வழியில்லை என்பதால், உங்கள் அத்தை மாற வேண்டுமானால் அவருடைய பேரனின் பள்ளிக் குழுவும் கேஸ் ஏஜென்சியும் சேர்ந்து மாற வேண்டியிருக்கிறது.

ஜோஹோ நிறுவனம் அரட்டையை 2021இலேயே வெளியிட்டுவிட்டது. 2025 செப்டம்பர் இறுதியில், மூன்றே நாளில், அன்றாடம் புதிதாகச் சேர்வோர் 3,000 பேரிலிருந்து 3.5 லட்சம் பேராக உயர்ந்ததாக ஜோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். இப்படிப்பட்ட அலைகளை நாம் முன்பும் பார்த்திருக்கிறோம். ட்விட்டருடன் மத்திய அரசுக்கு 2021 பிப்ரவரியில் மோதல் எழுந்தபோது அமைச்சர்களும் அரசுத் துறைகளும் ட்விட்டர் போன்ற இந்தியத் தளமான ‘கூ’வில் கணக்குத் தொடங்கினார்கள்; 2024 ஜூலையில் அந்தத் தளம் மூடப்பட்டது. 2012இல் வந்த ‘ஹைக்’ மெசஞ்சர் என்ற இந்தியச் செய்திச் செயலி 2021 ஜனவரியில் நின்றுபோனது. அமைச்சர் சொன்னால் கூட்டம் கூடும்; குடியேறுவது வேறு கதை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் எவரும், சேவையை நடத்தும் நிறுவனமேகூட, படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டும் முறை வாட்ஸ்அப்பில் 2016 முதல் எல்லோருக்கும் உண்டு. மக்கள் திரண்டு வந்த அந்த வாரங்களில் அரட்டையில் அழைப்புகளுக்கு மட்டுமே அந்தப் பூட்டு இருந்தது, சாதாரண எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. அன்று தயங்கியவர்களைப் பற்றில்லாதவர்கள் என்று சொல்வது நியாயமன்று. இப்போது உங்கள் செயலியில் அது இருக்கிறதா என்பதை அமைப்புப் பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள நான்கைந்து பேருக்கு மட்டும் என்று ஒரு குழுவை அங்கே வைத்துக்கொண்டால் அது நிலைக்கும்.

கேள்வி: நான் சிறிய அச்சகம் நடத்துகிறேன். மின்னஞ்சல், விலைப்பட்டியல், வாடிக்கையாளர் கோப்புகள் எல்லாமே வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருக்கின்றன. திடீரென்று நிறுத்திவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்களே, அது நடக்கக்கூடியதா? மாறுவதென்றால் எப்படி?
— வாசகர், சிவகாசி

பதில்: நடந்திருக்கிறது. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் ஏறத்தாழப் பாதிப் பங்கு வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது தடை விதித்தது; சில நாட்களிலேயே மைக்ரோசாப்ட் அதன் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. இத்தனைக்கும் இந்தியச் சட்டப்படி நயாரா எந்தத் தவறும் செய்ததாகக் குற்றச்சாட்டு இல்லை, சந்தாவும் கட்டியிருந்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகு அந்த மாத இறுதியில் சேவை திரும்பியது. உங்கள் அச்சகத்தின் மீது எந்த ஒன்றியமும் தடை விதிக்கப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கடவுச்சொல் சிக்கலிலோ தானியங்கி முடக்கத்திலோ கணக்கு பூட்டிக்கொண்டால், பேசுவதற்கு ஓர் ஆள்கூடக் கிடைக்காமல் தவிப்பது சிறு வணிகர்களுக்கு அடிக்கடி நேர்கிறது.

மாறுவதற்கு எளிதானது மின்னஞ்சல்தான். எந்த நிறுவனத்திலிருந்து எந்த நிறுவனத்திற்கும் மின்னஞ்சல் போகும் என்பதால் யாரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. உங்கள் முகவரி அச்சகத்தின் சொந்த இணையப் பெயரில் இருந்தால் வேலை இன்னும் குறைவு: அந்தப் பெயரைப் பதிவு செய்த இடத்தில், அஞ்சலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்லும் ‘எம்எக்ஸ்’ பதிவுகளைப் புதிய நிறுவனத்திற்கு மாற்றினால் போதும்; வாடிக்கையாளர் பழைய முகவரிக்கே எழுதுவார், கடிதம் புதிய இடத்தில் வந்து விழும். முகவரி ஜிமெயிலின் பெயரிலேயே இருந்தால் முதலில் சொந்தப் பெயர் ஒன்றை வாங்குங்கள். எந்த நாட்டுச் சேவையைத் தேர்ந்தாலும் இந்தச் செலவு வீணாகாது.

பிறகு, கடந்த ஓராண்டில் வந்த அஞ்சல்களைப் புரட்டி, வங்கி, ஜிஎஸ்டி, வருமான வரி, மின்வாரியம் என்று பழைய முகவரியைப் பதிந்துவைத்திருக்கும் இடங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஜிமெயிலில் வருவதைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட்டு, ஓராண்டாவது பழைய கணக்கை விட்டுவைக்க வேண்டும். அவ்வப்போது உள்ளே போய்ப் பாருங்கள், இரண்டாண்டு தொடாத தனிநபர் கணக்குகளை நீக்குவது கூகுளின் விதி. ‘டேக்அவுட்’ என்ற பகுதியில் அஞ்சல்களையும் கோப்புகளையும் மொத்தமாக இறக்கி, ஒரு வன்தட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்புகளில்தான் நிதானம் வேண்டும். உங்களிடம் உள்ளவற்றிலேயே மிகச் சிக்கலானவற்றை, அதாவது சூத்திரங்கள் நிறைந்த விலைப்பட்டியலையும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய தமிழ்க் கோப்புகளையும், புதிய சேவையில் முதலில் திறந்து பாருங்கள். அச்சகங்களில் பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய திருமண அழைப்பிதழ்கள்கூட இன்றும் தேவைப்படுகின்றன. எழுத்துரு இல்லாத இடத்தில் அவை புரியாத குறிகளாகத்தான் தெரியும். ஜோஹோவின் ரைட்டர் (எழுத), ஷீட் (கணக்குத் தாள்) இரண்டையும் பாருங்கள், அதே வேலைகளைச் செய்யும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸையும் பாருங்கள். லிப்ரே ஆபீஸ் இந்திய மென்பொருள் அன்று. ஆயினும் அது உங்கள் கணினியிலேயே ஓடுவதால், எங்கோ இருந்து யாரும் அதை நிறுத்த முடியாது.

தென்காசியில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவும் ஒரு நாள் விலையை ஏற்றலாம், சேவையை மூடலாம். ஆகவே சேரும்போதே அவர்களிடமிருந்து கோப்புகளை எப்படி வெளியே எடுப்பது என்பதை ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜிபே, போன்பே இரண்டையும் விட்டுவிட வேண்டுமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவசரமில்லை. பணம் ஓடும் தண்டவாளமான யுபிஐ, 2016இல் இங்கே உருவானது, இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமான என்பிசிஐ நடத்துகிறது. போன்பேயின் பெரும்பங்கு வால்மார்ட்டிடம், ஜிபே கூகுளிடம் என்றாலும், கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தை என்பிசிஐயின் ‘பீம்’ செயலியோ உங்கள் வங்கியின் செயலியோ அதே போலப் படித்துவிடும். இரண்டு செயலிகளே பெரும்பகுதிப் பரிவர்த்தனைகளைக் கையாள்வது சரியில்லை என்று ஒரு செயலிக்கு 30 சதவீதம் என வரம்பு வைத்தார்கள். அதை நடைமுறைப்படுத்தும் காலக்கெடு 2026 டிசம்பர் இறுதி வரை தள்ளிப்போயிருக்கிறது. பீமையும் நிறுவி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று வேலை செய்யாத நாளில் மற்றது உதவும்.

கேள்வி: ஜோஹோவின் ‘உலா’ உலாவியைப் பயன்படுத்துகிறேன். அது கூகுளின் குரோமியத்தின் மேல் கட்டியது, சுதேசி என்று சொல்வதே ஏமாற்று என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி?
— வாசகர், மதுரை

பதில்: உங்கள் மகன் சொல்லும் தகவல் சரி, முடிவு சரியில்லை. குரோமியம் எவரும் எடுத்தாளக்கூடிய திறந்த மூலநிரல். மைக்ரோசாப்டின் எட்ஜ் உலாவியே அதன் மேல்தான் நிற்கிறது. சென்னை ஐஐடியின் ஆதரவுடன் 2023இல் அறிமுகமான கைப்பேசி இயங்குதளமான பார்ஓஎஸ்ஸும் ஆண்ட்ராய்டின் திறந்த நிரலில் எழுந்ததே. அடி முதல் நுனி வரை உள்நாட்டில் செய்த கைப்பேசிச் சேவை இன்று இல்லை; ஆண்ட்ராய்டு போனில் உள்நாட்டுச் செயலிகளின் அறிவிப்புகளும் பொதுவாகக் கூகுளின் வழியாகவே வந்து மணியடிக்கின்றன. எனவே முழுத் தூய்மையைத் தேடுவதை விட்டு, நீங்கள் எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தீர்கள் என்ற விவரம் யாரிடம் சேர்கிறது, அதை வைத்து யார் விளம்பரம் விற்கிறார்கள் என்று பாருங்கள். உலாவைத் தேர்வதற்கு நியாயம் இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை: ஜோஹோவின் வருமானத்தில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து வருகிறது. அமெரிக்கக் கடைக்காரர் ஒருவருக்கு அதுதான் அந்நியச் சேவை!

மகன் குறை சொல்லும் அந்தக் குரோமிய அடித்தளத்தால் உங்களுக்கு ஒரு சௌகரியமும் உண்டு. குரோமில் சேர்த்துவைத்த புக்மார்க்குகளை உலா அப்படியே எடுத்துக்கொள்ளும், குரோமின் நீட்சிகளும் அதில் ஓடும். பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போவதும் அதே அளவு எளிது.