பைன் மரத்தை உளி நசுக்குவது ஏன்?

கேள்வி: தேக்கில் ஓரளவு சுத்தமாக இறங்கும் என் உளி, பைன் மரத்தில் பொளி (மரத்துண்டுகளை இணைக்க வெட்டும் செவ்வகத் துளை) எடுக்கும்போது மட்டும் இழைகளைப் பிய்த்து நசுக்குகிறது. மென்மரத்துக்கென்று தனி உளி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கையிலிருக்கும் உளியை இன்னும் நன்றாகத் தீட்டினால் போதும். மென்மரத்துக்குச் சுமாரான கூர் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள், உண்மை நேர்மாறானது. கெட்டியான மரத்தின் இழை எதிர்த்து நிற்பதால், முனை சற்று மழுங்கியிருந்தாலும் அறுபட்டுவிடுகிறது. பைனின் இழையோ அறுபடுவதற்கு முன்பே வளைந்து மடங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, அதன் ஆண்டு வளையங்களில் மெத்தென்ற வெளிர்பட்டையும் கெட்டியான கரும்பட்டையும் மாறிமாறி வருவதால், கரும்பட்டையை அறுக்க முடியாத உளி அதை அடுத்துள்ள வெளிர்பட்டைக்குள் அழுத்தி நசுக்குகிறது.

தீட்டும்போது முதலில் உளியின் தட்டையான முதுகைக் கவனியுங்கள். புதிய உளியிலும் அது முழுத்தட்டையாக இருக்கும் என்று நம்ப முடியாது. முனையை ஒட்டிய இரண்டு செ.மீ. அளவாவது ஒரே சீராக மினுங்கும்வரை கல்லில் படியவைத்துத் தேய்க்க வேண்டும். பிறகு சரிவுப் பக்கத்தை ஏறக்குறைய 25 டிகிரியில் 1000 கிரிட் கல்லில் (கிரிட் எண் கூடக்கூடக் கல் நைசாக இருக்கும்) தீட்டி, முதுகுப் பக்கத்தில் முனையைத் தாண்டி வெளிப்புறமாக விரலால் வருடிப் பாருங்கள். முழு அகலத்துக்கும் மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால்தான் தீட்டல் முனைவரை எட்டியிருக்கிறது. அந்தப் பிசிறு 6000 அல்லது 8000 கிரிட் கல்லில் இருபக்கமும் மாற்றி மாற்றி இழுக்க நீங்கிவிடும். மின்சாணையில் முனை நீலம் பாய்ந்துவிட்டால் எஃகின் பதம் போயிற்று. அந்தப் பகுதி முழுவதையும் தேய்த்தெடுக்க வேண்டியதுதான்.

கூர் பார்க்கக் கைமுடியை மழிப்பவர்கள் உண்டு. நான் ஒரு பைன் துண்டின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவிப் பார்ப்பதையே நம்புகிறேன்: முகம் வழவழவென்று வந்தால் கூர் சரி, வெண்மையாகப் பொடிந்தால் மறுபடியும் கல்லுக்குப் போக வேண்டும்.

பொளியின் எல்லையைப் பென்சிலால் வரையாமல் கத்தியால் கீறிக்கொள்ளுங்கள். முதல் அடியை அந்தக் கீறலிலேயே வைத்தால், ஆப்புப் போன்ற சரிவு உளியைப் பின்னே தள்ளிக் கோட்டைத் தாண்டவைத்துவிடும். ஆகவே 1 மி.மீ. உள்ளே தள்ளித் தொடங்கி, நடுப்பகுதியைக் கொட்டாப்புளியால் மெல்லிய சில்லுகளாக எடுத்த பிறகு, மிச்சமுள்ள அந்த ஓரத்தைத் தட்டாமல் கையழுத்தத்தால் மட்டும் சீவி இறக்குங்கள். துளை மறுபக்கம்வரை போவதாக இருந்தால் பாதி ஆழத்தில் நிறுத்தி, மரத்தைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து மீதியை எடுங்கள். இல்லாவிட்டால் உளி வெளிவரும் முகத்தில் இழை பெயர்ந்துவிடும்.