கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கு நடத்தும் பயிற்சியால் பலன் உண்டா?

கேள்வி கேட்டவர் திருப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்து முதல் ஆண்டை முடித்திருக்கிறார். மே மாதத்தில் ஆறு நாள் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். போனால் உருப்படியாக ஏதாவது கிடைக்குமா, வெயிலில் அலைந்ததுதான் மிச்சமா என்று கேட்கிறார். கோபிக்கும் ஈரோட்டுக்கும் நடுவே உள்ள பள்ளிகளில் பதினாறு ஆண்டுகளாகக் கணக்கு நடத்துகிறேன். இரண்டு விதமான பயிற்சியிலும் உட்கார்ந்து எழுந்தவள் என்பதால் இந்தப் பதில்.

முன்பு வேலை பார்த்த பள்ளியில் வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்து வருவார்கள். ஆசிரியப் பணியின் மேன்மையைக் காலை முழுவதும் பேசுவார், நாங்களும் கைதட்டுவோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் சேர்க்கைத் துண்டறிக்கைக் கட்டு ஆளுக்கொன்று கையில் வரும். அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். அந்த மாதத்துக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் பதிவேட்டில் அது பயிற்சி நாள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்த ஒரு சக ஆசிரியை, பெருந்துறைப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அதை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் பள்ளியிலும் இப்படித்தான் என்றால், அதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இப்போது இருக்கும் பள்ளியில் வேறு மாதிரி. எங்கள் முதல்வர் ஏப்ரல் மாதத்திலேயே சொல்லிவிடுவார்: "ஆண்டுத் தேர்வு விடைத்தாளில் ஒரு கட்டை எடுத்து வையுங்கள். பிள்ளைகள் அதிகமாகத் தப்பு செய்த கேள்வி எது என்று மட்டும் குறித்து வாருங்கள்." அவ்வளவுதான் முன்னேற்பாடு. வெளியிலிருந்து யாரும் வருவதில்லை.

முதல் ஆண்டு நான் ஆறாம் வகுப்புக் கட்டைக் கொண்டுபோனேன். 3.12, 3.4 இரண்டில் எது பெரியது என்பது கேள்வி. 38 பேரில் 17 பேர் 3.12 என்று எழுதியிருந்தார்கள். தசமத்தை மூன்று வாரம் நடத்தியிருந்தேன். பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றுதான் நான் சொல்லத் தொடங்கினேன். எதிரே இருந்த தமிழாசிரியர் ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த எண்ணை வகுப்பில் எப்படி வாசிப்பீர்கள்?" என்று கேட்டார். "மூன்று புள்ளி பன்னிரண்டு" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது. பன்னிரண்டு நான்கைவிடப் பெரியதுதானே! பிள்ளைகள் கவனித்திருக்கிறார்கள். என் வாயிலிருந்து வந்ததை அப்படியே நம்பியிருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் 'திரீ பாயிண்ட் டுவெல்வ்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். புள்ளிக்குப் பிறகு ஒவ்வோர் இலக்கமாக, 'மூன்று புள்ளி ஒன்று இரண்டு' என்று வாசிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பல ஆண்டுப் பழக்கத்தில் நாக்கு வழுக்கிப்போயிருந்தது. அதைக் கண்டுபிடிக்கக் கணக்கு நடத்தாத ஒருவரின் காது வேண்டியிருந்தது.

அடுத்த ஜூனில் பாடத்தை வேறு விதமாகத் தொடங்கினேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் மாடு உண்டு. பால் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வரும் சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு சீட்டில் காலை 5.4 லிட்டர், மாலை 5.25 லிட்டர். எந்த வேளை அதிகம் என்று கேட்டதும், எதிர்பார்த்தபடி பலர் மாலை என்றார்கள். சீட்டைக் கொண்டுவந்த பையன் எழுந்து, "இல்லை மிஸ், காலையில் நானூறு மில்லி மேலே வரும், சாயந்திரம் இருநூற்றைம்பதுதான்" என்றான். தினமும் தூக்குப்போசியைச் சுமந்து போகிறவனுக்குச் சந்தேகமே இல்லை. 5.400, 5.250 என்று கரும்பலகையில் அவனையே எழுத வைத்தேன். புள்ளிக்கு வலப்பக்கம் கடைசியில் சுழியம் சேர்த்தால் மதிப்பு மாறாது என்பதை அன்று நான் தனியாக நடத்தவே தேவைப்படவில்லை.

பிள்ளைகளின் தவறுகள் மேசைமேல் விரிகிற பயிற்சிக்கு எவ்வளவு தூரமிருந்தும் போகலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்களுடையது சி.பி.எஸ்.இ. பள்ளியா என்று எழுதவில்லை. அப்படியானால் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி கணக்கு காட்ட வேண்டும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொன்ன அளவு அது. பாதியை வாரியமோ அரசுப் பயிற்சி நிறுவனங்களோ நடத்தும் வகுப்புகளில் முடிக்க வேண்டும். மீதி 25 மணி நேரத்தைப் பள்ளிக்குள்ளோ பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்தோ நடத்திக்கொள்ளலாம். மத்திய அரசின் தீக்ஷா இணையதளத்தில் ஆசிரியர்களுக்கான இலவசப் பாடங்களும் இருக்கின்றன. அவற்றை வீட்டில் இருந்தபடியே முடிக்கலாம். ஆனால் பள்ளிக்குள் நடக்கும் அந்த 25 மணி நேரத்தை மட்டும் பேச்சாளர்களுக்குத் தாரை வார்க்க விடாதீர்கள். ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார வேறு நேரம் ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. ஒருவர் வகுப்பை இன்னொருவர் எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

திருப்பூர் என்பதால் இன்னொன்று. பனியன் கம்பெனிகளில் வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். கூட்டல் கழித்தலில் பிசகாத குழந்தை வாக்கியக் கணக்கில் வெறும் தாளைக் கொடுத்திருந்தால், பெரும்பாலும் அதற்குக் கேள்வியின் மொழிதான் எட்டவில்லை. இதைக் கணக்காசிரியரும் மொழியாசிரியரும் சேர்ந்து பார்த்தால்தான் வழி பிறக்கும். மே மாதப் பயிற்சியில் இதற்கு ஒரு நாள் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிதாக வந்தவர் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம்.

சம்பளத்தைப் பற்றியும் கேளுங்கள். வரச் சொன்ன நாளுக்கு ஊதியம் தருவது பள்ளியின் கடமை. ஈரோட்டில் 40 டிகிரியைத் தாண்டுகிற வெயிலில் தினமும் பஸ்ஸில் வந்து போகிறவருக்கு அதைச் சலுகை போலக் காட்டுவது அநியாயம். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நான்கு பேராகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். நாங்கள் அப்படித்தான் கேட்டோம். முதல் ஆண்டு பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் மட்டும் தந்தார்கள், இரண்டாம் ஆண்டிலிருந்து நாள் சம்பளமும் வருகிறது.

போகும்போது உங்கள் பிள்ளைகளின் பழைய நோட்டில் நான்கைந்து எடுத்துக்கொண்டு போங்கள். நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடமே இல்லாவிட்டாலும், மதிய இடைவேளையில் ஒன்றைப் பிரித்து, உங்கள் பாடத்தை நடத்தாத ஒரு ஆசிரியரிடம் காட்டி, "இந்தக் குழந்தை ஏன் இப்படி எழுதியிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்.