ரப்பர் மரத்தில் கத்திக் காயம்: எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது?

கேள்வி: வணக்கம் சார். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் எனக்கு ஒரு ஏக்கரில் 180 மூடு (மரம்) ரப்பர் நிற்கிறது. பால் வெட்டத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. வழக்கமாக வெட்டுகிறவருக்கு உடம்பு சரியில்லாததால் வைகாசியில் புதிதாக ஒருவரை விட்டேன். இரண்டு மாதத்துக்குள் நாற்பது மூட்டில் கத்தி ஆழமாக இறங்கி, உள்ளே தடி வெள்ளையாகத் தெரிகிறது. மழை பிடித்த பிறகு ஏழெட்டு மரங்களில் காயத்தை ஒட்டிக் கறுப்புக் கோடும் விழுந்திருக்கிறது. ஒருவர் தார் பூசச் சொல்கிறார், இன்னொருவர் துரிசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை என்கிறார். மாட்டுக்குப் புண் வந்தால் போடுகிற மஞ்சளும் வேப்பெண்ணெயும் போதும் என்கிறாள் வீட்டுக்காரி. எதைப் பூசினால் காயம் சீக்கிரம் ஆறும்? வெட்டை நிறுத்த வேண்டுமா? அந்த இடத்தில் பட்டை திரும்ப வருமா?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கோடு விழுந்த ஏழெட்டு மூட்டிலும் வெட்டை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்ற மரங்களில் வெட்டு காயத்தைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால் தொடரலாம். ஆனால் புதியவருக்குக் கை படியும்வரை மூன்று நாளைக்கு ஒரு வெட்டு போதும். போர்டோ பசையை வெட்டுப்பட்டையின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

சரி, இப்போது 'எதைப் பூசினால் சீக்கிரம் ஆறும்' என்ற கேள்விக்கு வருவோம். மாட்டுப் புண்ணை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. மாட்டுக்குத் தோல் கிழிந்தால் இரத்தம் உறைகிறது, காயத்தின் ஓரத்திலிருந்து புதுத்தோல் உள்நோக்கி நகர்ந்து வருகிறது, அடியில் புதுத்தசை நிரம்புகிறது. கெட்டுப்போன சதையை உடம்பே அகற்றிவிட்டு அதே இடத்தில் புதியதை வைக்கிறது. 1962-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் காயவிட்டார், சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடிவைத்தார். பொருக்குக் கட்டிக் காய்ந்த புண்ணைவிட, மூடி ஈரமாக இருந்த புண்ணில் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் தோல் மூடியது. புண்ணை உலரவிட வேண்டும் என்ற பழைய நினைப்பு அங்கிருந்துதான் மாறத் தொடங்கியது. உங்கள் வீட்டம்மா போடும் எண்ணெய்ப் பூச்சு, மாட்டுப் புண் காய்ந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்வதும் இதே வழியில்தான்.

மரத்தின் கதை வேறு. மரம் கெட்டுப்போன தடியை அகற்றுவதுமில்லை, பழைய நிலைக்குக் கொண்டுவருவதுமில்லை. அந்த இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்ந்துகொண்டு போகிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நெடுக்கே பிளந்து பார்த்து, 1977-இல் இதைத் தெளிவாக எழுதினார். மரம் எழுப்பும் சுவர்களில் மிகவும் பலமானது, காயம்பட்ட பிறகு உருவாகும் புதுத்தடிக்கும் ஏற்கெனவே இருந்த பழைய தடிக்கும் நடுவே வரும் சுவர் என்பது அவர் கண்டது.

இதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. வயதாகி வெட்டிய ரப்பர் தடி ஏதாவது ஒரு மில்லில் அறுபடும்போது போய் நின்று பாருங்கள். வெளுத்த பலகையின் நடுவே, கட்டைவிரல் நீளத்தில் கறுத்த ஒரு வடு கிடக்கும். அதற்கு வெளிப்புறம் நாலு விரல் கனத்துக்குச் சுத்தமான தடி. அந்த மரத்தின் இளவயதில் யாரோ வைத்த கத்தி வெட்டு அது. அத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை, பரவவும் இல்லை. அறுப்பவர் அந்தத் துண்டைக் கழித்துப் போடும்போது, காயத்துக்கான விலையைக் கடைசியில் தடியிலும் கொடுக்கிறோம் என்பது தெரியும்.

இந்தப் புதுவளர்ச்சி எங்கிருந்து வருகிறது? பட்டைக்கும் தடிக்கும் நடுவே வழுவழுவென்று ஒரு படலம் இருக்கிறது. கேம்பியம் என்பார்கள். உள்பக்கம் தடியையும் வெளிப்பக்கம் பட்டையையும் உண்டாக்குவது அதுதான். ரப்பரில் சிக்கல் என்னவென்றால், பால் குழாய்கள் நெருக்கமாக ஓடுவதும் அந்தக் கேம்பியத்தை ஒட்டிய மென்பட்டையில்தான். ஆழமாக வெட்டினால் பால் கூடும் என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது. கேம்பியத்துக்கு மேலே சுமார் 1 மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் விட்டு வெட்டுகிறவர்தான் கைதேர்ந்தவர். அவ்வளவு மிச்சம் இருந்தால், வெட்டிய முகத்தின் அடியில் புதிதாக ஒரு தக்கைத்தோல் உருவாகி மூடிக்கொள்ளும், கேம்பியம் உள்ளேயிருந்து பட்டையைத் தடிக்கவைக்கும். கத்தி கேம்பியத்தையும் அறுத்துவிட்டால், அந்த இடத்தில் பட்டை உண்டாக்க ஆளே இல்லை. ஓரத்திலிருந்து உதடு மாதிரி திரண்டு வரும் புதுத்திசு மெல்ல மெல்ல மூட வேண்டும். அப்படி மூடும் இடம்தான் பின்னால் முண்டும் முடிச்சுமாக, கத்தி ஓடாத பட்டையாகிறது.

பால் கசிந்து உறைவதே மரத்தின் முதலுதவிதான். வெட்டியதும் குழாயிலுள்ள லூட்டாய்டு எனும் நுண்பைகள் உடைந்து, அவற்றிலுள்ள புரதங்கள் ரப்பர்த் துகள்களை ஒட்டவைத்துக் குழாய் வாயை அடைக்கின்றன. நம் இரத்தம் உறைவதைப் போலவே இது. வெட்டில் படியும் ஒட்டுப்பால் அந்த அடைப்பின் மேல்மூடி. அப்புறம் காயமே மரத்துக்கு ஒரு சேதியும் அனுப்புகிறது. 1920-களின் தொடக்கத்தில் ஹாபர்லாண்ட் என்ற தாவரவியலாளர் நூல்கோலை வெட்டி, வெட்டு முகத்தைத் தண்ணீரில் கழுவினார். காயத்தடியில் நடக்க வேண்டிய செல் பிரிதல் குறைந்துபோனது. நசுக்கிய திசுவை அதே முகத்தில் தடவியதும் பிரிதல் திரும்பியது. காயப்பட்ட செல்களிலிருந்து ஏதோ ஒரு பொருள் வந்துதான் குணப்படுத்தும் வேலையைத் தொடக்குகிறது என்று அவர் சொன்னார். நம் ரப்பரிலேயே 2000-இல் சீன ஆய்வாளர்கள், காயத்தின்போது உருவாகும் ஜாஸ்மோனிக் அமிலம் புதுப் பால் குழாய்கள் உண்டாவதைத் தூண்டுவதைக் காட்டினார்கள். புதுக் காயத்தைத் துணியால் தேய்த்து, கையால் வழித்துச் சுத்தம் செய்யும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். பட்டை உரிந்து வழுவழுப்பாகத் தெரியும் இடத்தை விரலால் தொடாமல் விட்டாலே கொஞ்சம் திசு பிழைத்துக்கொள்ள வழியுண்டு.

இனி பூச்சு. தாரை விட்டுவிடுங்கள். அது உயிருள்ள ஓரத்தையும் சேர்த்துப் பொசுக்கும். திரண்டு வர வேண்டிய அந்த உதடுதானே உங்களுக்கு வேண்டியது? ஷைகோவும் அவருடைய சக ஆய்வாளர் ஷார்ட்லும் 13 வருட ஆய்வுகளைத் தொகுத்து 1983-இல் எழுதியபோது, காயத்தில் பூசும் பூச்சுகள் தடி அழுகலை நிறுத்தவில்லை என்றுதான் முடிவு சொன்னார்கள். பூச்சு ஆற்றும் என்று நம்பிப் பூசினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

போர்டோ பசை நல்ல மருந்து. கவட்டையில் வரும் இளஞ்சிவப்பு நோய்க்கு நானே பரிந்துரைப்பேன். ஆனால் அதில் இருப்பது தாமிரம். பாலில் துளி தாமிரம் கலந்தாலும் ரப்பர் ஷீட் சீக்கிரம் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். மழை கழுவிக் கொண்டுவரும் பசை நேராக உங்கள் பால் பிடிக்கும் சிரட்டையில்தான் இறங்கும்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் மாட்டுக்கே இருக்கட்டும். உங்கள் தோட்டத்தில் இப்போது எதிரி வேறு. அந்தக் கறுப்புக் கோடு பைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற நோய்க்கிருமி செய்யும் வேலை. ஆடி மழையில் இலை கொட்டுவதற்கும் காய் அழுகுவதற்கும் காரணம் அதுவேதான். அழுகிய காயிலிருந்தும் இலையிலிருந்தும் அதன் வித்துகள் மழைநீரில் நீந்தி, தடி வழியாக வழிந்து, ஈரமாக இருக்கும் வெட்டு முகத்தில் இறங்குகின்றன. நம் மாவட்டத்துக்கு ஆனி, ஆடி மழையும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. பட்டை நன்றாகக் காய நடுவில் கிடைக்கும் நாள் கொஞ்சம்தான். மாட்டுப் புண்ணுக்கு ஈரம் நல்லது என்றேன். இந்தப் பட்டைக்கு மழைக்காலத்து ஈரம்தான் ஆபத்து.

ஆகவே செய்ய வேண்டியது இது. கோடு விழுந்த மரத்தில் பட்டையின் மேற்தோலை நல்ல கூரான கத்தியால் மெல்லச் சீவிப் பாருங்கள். கறுத்து அழுகிய திசு எவ்வளவோ அவ்வளவை மட்டும் எடுங்கள். வெளுத்த நல்ல பட்டை தெரிந்ததும் கத்தியை நிறுத்திவிடுங்கள். அழகாக இருக்கட்டும் என்று காயத்தைப் பெரிதாக்க வேண்டாம். 75 சதவீத மேங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியின் நனையும் தூளை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கலந்து, தூரிகையால் அந்த இடத்தை நன்றாக நனையுங்கள். காய்ந்த பிறகு, தடி வெளியே தெரியும் பகுதிக்கு மட்டும் ரப்பருக்கென்றே விற்கும் பெட்ரோலியக் காயப்பூச்சை மெல்லியதாகத் தடவலாம். அது ஆற்றுவதற்காக அல்ல, மழைநீரும் தடி துளைக்கும் வண்டும் அண்டாமல் இருக்கத்தான். கெட்டியாக அப்பினால் அடியில் நீர் கட்டும்.

மீதி மரங்களுக்கும் மழை ஓயும்வரை வாரம் ஒருமுறை அதே மேங்கோசெப் கலவையால் வெட்டுப்பட்டையைக் கழுவுங்கள். பால் எடுத்து முடித்து, வெட்டு இல்லாத நாளில் செய்யுங்கள். பாலில் மருந்து கலக்கக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வெட்டு நனையாமல் இருக்க அதற்கு மேலே ரெயின்கார்டு என்ற மழை மறைப்பு ஒட்டியிருந்தால் அதன் மேல்விளிம்பை ஒரு மழை நேரத்தில் போய்ப் பாருங்கள். பசை விட்டு நீர் உள்ளே வழிந்தால், கார்டு இல்லாமல் இருப்பதைவிட அது மோசம். பால் கூட்டுவதற்கான எத்தபான் மருந்தை இந்த வருடம் காயம்பட்ட மரங்களில் தொடவே வேண்டாம். குழாய் அடைபடுவதைத் தள்ளிப்போட்டுத்தான் அது பாலைக் கூட்டுகிறது. இப்போது அந்த மரத்துக்கு வேண்டியது அடைப்புதான்.

புதியவரை வேலையைவிட்டு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விடியுமுன்னே, நெற்றிவிளக்கு வெளிச்சத்தில், 180 மூட்டை ஓட்டமாக வெட்டுகிற கைக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது மிகச் சிறிய இடம். ஒரு காலையில் அவரோடு நடந்து, கத்தியிலிருந்து விழும் பட்டைச் சுருளை எடுத்துப் பாருங்கள். சுருள் 2 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் பட்டை வீணாகிறது. சுருளின் உள்விளிம்பு வழுவழுவென்று நனைந்து நூல் போலத் தெரிந்தால் கத்தி கேம்பியத்தைத் தொட்டுவிட்டது. இதை அவர் கையிலேயே கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னால், நூறு தடவை சொல்வதைவிட விளங்கும். மழுங்கிய கத்திதான் அழுத்தச் சொல்லும், அழுத்தினால்தான் ஆழம் போகும். கத்தியைத் தினமும் தீட்டக் கல் வாங்கிக் கொடுங்கள். ரப்பர் வாரியம் பால்வெட்டுப் பயிற்சி நடத்துகிறது, அங்கே அனுப்பினால் அவருக்கும் நல்லது, உங்கள் மரத்துக்கும் நல்லது.

பட்டை திரும்ப வருமா என்று கேட்டீர்கள். கத்தி கேம்பியத்தைத் தொடாத இடத்தில் வரும், கவலை வேண்டாம். ஒரு வெட்டுக்கு 2 மில்லிமீட்டர், வருடத்துக்கு நூறு வெட்டு என்று வைத்தால் 20 சென்டிமீட்டர். 125 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கீழே வர ஆறு வருடம், மறுபக்கத்துக்கு இன்னொரு ஆறு வருடம். முதல் பக்கத்தின் மேற்பட்டையை மறுபடி வெட்ட வரும்போது அதற்குப் பன்னிரண்டு வயது ஆகியிருக்கும். தடி தெரிந்த இடங்களில், விரல் அகலக் காயம் மூடிக்கொள்ளும், ஆனால் முண்டு நிற்கும். உள்ளங்கை அகலத்துக்குப் போன காயமாக இருந்தால் அந்த மூட்டில் அந்தப் பக்கத்தை இரண்டாம் சுற்றுக்குக் கணக்கில் வைக்காதீர்கள். நாற்பது மூட்டிலும் இப்போதே பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்து, எது எந்த அளவு என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

தை, மாசியில் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும்போது அந்த நாற்பதையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். காயத்தின் இரு ஓரமும் உருண்டு திரண்டு, நகத்தால் கீறினால் உள்ளே ஈரமான புதுத்திசு தெரிந்தால் மரம் தன் வேலையைச் செய்கிறது. ஓரம் உள்வாங்கி, தட்டினால் பொத்தென்று சத்தம் வந்து, பட்டை தடியைவிட்டுக் கழன்றிருந்தால் அழுகல் உள்ளே ஓடுகிறது. அந்த மரங்களை மட்டும் ரப்பர் வாரியக் கள அலுவலரை நேரில் வரவழைத்துக் காட்டிவிட்டு, அதன் பிறகு வெட்டுத் தொடங்குங்கள்.