எல்க் வேட்டை: வில்லைத் தயார் செய்வதும் கறியைக் கெடாமல் மலையிறக்குவதும்

கேள்வி: செப்டம்பரில் கொலராடோ மலைப்பகுதிக்கு நண்பர் ஒருவரோடு எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகிறேன். 60 பவுண்டு இழுவிசை கொண்ட காம்பவுண்ட் வில் (கப்பிகள் வைத்த வில்) வைத்திருக்கிறேன். வண்டியை விட்டு 6 கிலோமீட்டர் உள்ளே நடக்க வேண்டும். எவற்றையெல்லாம் தயார் செய்ய வேண்டும்? மான் விழுந்தபிறகு கறியை எப்படி வெளியே கொண்டுவருவது?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் போடுங்கள். வளர்ந்த ஆண் எல்க் ஒன்று 300 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். எலும்பு நீக்கினாலும் 90, 100 கிலோ கறி தேறும். எலும்போடு தூக்கினால் நான்கு கால்கள், உதிரிக் கறி மூட்டை, தலை என்று ஆறு சுமை. இரண்டு பேர் ஆளுக்கு மூன்று நடை. திரும்பி வருவதையும் சேர்த்தால் ஒவ்வொருவருக்கும் 30 கிலோமீட்டர். எலும்பை அங்கேயே கழித்துவிட்டால் 25 கிலோ வீதம் நான்கு சுமை, ஆளுக்கு 18 கிலோமீட்டர். கொலராடோவில் எல்க் நடமாடும் இடங்கள் பெரும்பாலும் 2,700 மீட்டருக்கு மேல். அங்கே சுமையோடு 6 கிலோமீட்டர் இறங்கவே மூன்று, நான்கு மணி நேரம் ஆகலாம். இந்தக் கணக்கு மிரட்டினால் 3 கிலோமீட்டருக்குள் வேட்டையாடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வில்லுக்கு வருவோம். 60 பவுண்டு தாராளம்; அந்த மாநிலச் சட்டம் கேட்பது குறைந்தபட்சம் 35 பவுண்டுதான். அம்பின் மொத்த எடை 430 முதல் 480 கிரெய்னுக்குள் (28 முதல் 31 கிராம்) இருக்கட்டும். பிராட்ஹெட் (வேட்டைக்கான பிளேடு வைத்த அம்புமுனை) குறைந்தது 7/8 அங்குல அகலமும் எஃகாலான இரண்டு வெட்டு விளிம்புகளும் கொண்டதாக இருக்க வேண்டும். விரியும் பிளேடு வகை, விரிவதற்கே கொஞ்சம் விசையைத் தின்றுவிடும். எல்க்கின் விலா எலும்புக்கு, இந்த வில்லில், விரியாத பிளேடுதான் நல்லது. பயிற்சி முனை போகும் இடத்துக்கே பிராட்ஹெட்டும் போகும் என்று நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். 30, 40 கஜத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி எய்து பாருங்கள். பிராட்ஹெட் இடப்பக்கம் விலகினால் அம்பு ரெஸ்டை (அம்பைத் தாங்கும் பாகத்தை) வலப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தி மறுபடி எய்யுங்கள். பயிற்சிக்குப் பயன்படுத்திய பிளேடு மழுங்கியிருக்கும். காட்டுக்குப் புதுசு போடுங்கள். நாண் மாற்றுவதென்றால் சில வாரங்கள் முன்பே மாற்றுங்கள். புது நாண் இழுபட்டு, பீப் (குறிபார்க்க நாணில் வைக்கும் சிறு துளை வளையம்) திரும்பிக்கொள்ளும். கடைசி வாரப் பயிற்சியை முதுகுப்பையும் ஜாக்கெட்டும் போட்டு, மண்டியிட்டும் செய்யுங்கள். தொளதொள சட்டைக்கை நாணில் பட்டால் அம்பு எங்கேயோ போய்விடும். ரிலீஸ் (நாணை இழுத்து விடுவிக்கும் கைக்கருவி) ஒன்று கூடுதலாக இருக்கட்டும். அதைத் தொலைத்தால் வேட்டை அன்றோடு முடிந்தது.

கறிக்கான சாமான்கள் எடை குறைவுதான்: காற்றுப் புகும் மெல்லிய துணிப்பைகள் ஆறு, பிளேடு மாற்றும் கத்தியும் உதிரி பிளேடுகளும், மூட்டுக்கு உறுதியான சாதாரணக் கத்தி ஒன்று, கையுறை, 15 மீட்டர் கயிறு, ஹெட்லேம்ப், மாற்று பேட்டரி. மாற்றுப் பிளேடு மெலிசானது. மூட்டுக்குள் விட்டு நெம்பினால் ஒடிந்து கறிக்குள் தங்கிவிடும்.

அம்பு பட்டதும் பின்னாலேயே ஓடாதீர்கள். இரத்தம் இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தால் நுரையீரல். அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுங்கள். கருஞ்சிவப்பு ஈரலைக் காட்டும், நான்கைந்து மணி நேரம். அம்பில் பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் குடல். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பொறுங்கள். முன்னதாகக் கிளப்பிவிட்டால் அது மலை தாண்டிப் போய்விடும்.

விழுந்தபின் எதிரி வெப்பம். எல்க்கின் தோலும் கழுத்து மயிரும் கம்பளி மாதிரி உள்சூட்டைப் பிடித்துவைக்கும். இரவு உறைபனி விழுந்தாலும், தோலோடு கிடந்த உடலின் தரைப்பக்கத் தொடை விடிவதற்குள் இடுப்பு மூட்டில் புளித்து நாறிவிடும். அதனால் வயிற்றைத் திறக்காத முறையே வசதி. பக்கவாட்டில் படுக்க வைத்து, முதுகெலும்பு நெடுக்கக் கீறித் தோலை வயிறு நோக்கி உரியுங்கள். முன்னங்காலை உடலோடு இணைக்கும் எலும்பு மூட்டே கிடையாது, தசையை அறுத்தாலே கழன்று வரும். பின்தொடையை இடுப்பெலும்பை ஒட்டி அறுத்துப் பந்துமூட்டில் விடுவியுங்கள். அடுத்து முதுகுத் தசை, கழுத்து. கடைசி விலாவுக்குப் பின்னே கைவிட்டு, குடலை ஒதுக்கி, உள்ளே முதுகெலும்பை ஒட்டி இருக்கும் டெண்டர்லாயின் என்ற மென்தசையை எடுங்கள். பிறகு உடலைப் புரட்டி மறுபக்கம்.

கிளம்பும் அவசரத்தில் பலர் தவறுவது இங்கேதான்: எலும்பு நீக்கிய சூடான கறியை ஒரே பையில் அடைத்தால் நடுவில் சூடு அப்படியே நிற்கும். பைக்குக் கொஞ்சமாகப் போட்டு, நிழலில், காற்றோட்டமான கிளையில் ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கவிடுங்கள். வெளிப்பரப்பு காய்ந்து மெல்லிய படலம் பிடித்தால் ஈ அண்டாது. எலும்போடு வைத்தால் தொடை எலும்பு வரை நீளமாக ஒரு கீறல் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். ஓடைத் தண்ணீரில் நேரடியாக முக்கவும் வேண்டாம். கருங்கரடி வரும்; உரித்த இடத்திலிருந்து 100 மீட்டராவது தள்ளி, தூரத்திலிருந்தே பார்க்கிற மாதிரி தொங்கவிட்டால் திரும்பி வரும்போது எதிர்பாராமல் கரடிமேல் போய் நிற்க மாட்டீர்கள்.

சுமக்கும்போது கனமானது முதுகோடு ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். கீழே தொங்கினால் பின்னால் இழுக்கும். பாரம் இடுப்புப் பட்டையில் இறங்கட்டும். இரண்டு ஊன்றுகோல்கள் முழங்காலைக் காப்பாற்றும்.

சட்டத்தையும் மறக்காதீர்கள். அனுமதிச் சீட்டில் உடனே கையெழுத்தும் தேதியும் போட்டுக் கிழித்தெடுத்துச் செல்லாததாக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு ஒரு காலிலோ வேறொரு பெரிய துண்டிலோ இயற்கையாக ஒட்டியே இருக்க வேண்டும். எலும்பு நீக்குகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். நான்கு கால்கள், முதுகுத் தசை, டெண்டர்லாயின் எதையும் காட்டில் விட்டுவர முடியாது. வில்வேட்டைக்காரருக்கு ஆரஞ்சு உடை கட்டாயமில்லை. ஆனால் மஸில்லோடர் (குழல்முனை வழியே மருந்து நிரப்பும்) துப்பாக்கி சீசன் அதே மாதத்தில் குறுக்கிடும், அந்த நாட்களில் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். மான்களைத் தாக்கும் சி.டபிள்யூ.டி. நோய்ச் சோதனைக்குத் தலை தேவைப்படும். சில பகுதிகளில் சோதனை கட்டாயம், உங்கள் பகுதியை முன்பே பார்த்துவையுங்கள். பல மாநிலங்கள் மூளையையும் முதுகெலும்பையும் எல்லைக்குள் விடுவதில்லை.

வண்டியில் இரண்டு பெரிய ஐஸ் பெட்டிகள் காத்திருக்கட்டும். உதிரி ஐஸுக்குப் பதில் பாட்டில்களில் உறையவைத்த தண்ணீரை அடுக்குங்கள். கறி 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நிற்கும், உருகிய தண்ணீரில் ஊறி வெளுக்காது.