செக் கேஸ் முதல் அமலாக்கத் துறை சம்மன் வரை: வக்கீலின் பதில்கள்

சென்னையில் கம்பெனிகள் மீதான கிரிமினல் வழக்குகளில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்புக்கு ஆஜராகும் வழக்கறிஞரிடம் கேட்டவையும் அவர் சொன்னவையும்.

மேடம், கிரிமினல் என்றால் கொலை, அடிதடி. கம்ப்ளையன்ஸ், அதாவது கம்பெனி சட்ட விதிகளின்படி நடக்கிறதா என்று பார்ப்பது, ஏ.சி. ரூம் வேலை என்கிறார்கள். இரண்டும் எங்கே சேர்கின்றன? (சட்ட மாணவர், திருச்சி)

பெரும்பாலும் செக் ரிட்டர்னில். கம்பெனி கொடுத்த செக் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 141-வது பிரிவின்படி அப்போது நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்களும் எதிரிகளாகலாம். புகார்தாரர் அதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இயக்குநர் பட்டியலை எடுத்து, அத்தனை பேரையும் சேர்த்துவிடுவார்.

அப்படித்தான் நான் மாட்டினேன். நண்பரின் கம்பெனியில் பெயருக்கு இயக்குநராக இருந்து விலகிவிட்டேன். இப்போது சம்மன் வந்திருக்கிறது. (கோவை)

உங்கள் ராஜினாமாக் கடிதம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி இருக்கிறதா? மெயிலோ, பதிவுத் தபால் ஒப்புகை அட்டையோ? அதுதான் முதல் கேள்வி. நீங்கள் விலகியதை டி.ஐ.ஆர்.-12 படிவத்தில் 30 நாளுக்குள் கம்பெனி தாக்கல் செய்திருக்க வேண்டும். பல இடங்களில் செய்வதில்லை, உங்கள் பெயரும் தளத்தில் அப்படியே கிடக்கும். அதற்காகத்தான் விலகுபவரே டி.ஐ.ஆர்.-11 தாக்கல் செய்ய வழி வைத்திருக்கிறார்கள். ராஜினாமா செய்யும் யாரும் அதைக் கேட்டுக்கூடப் பார்ப்பதில்லை!

சரி, இப்போது என்ன செய்யலாம்? செக் தேதிக்கு முன்பே விலகியது மறுக்க முடியாத ஆவணத்தில் தெரிந்தால், உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். இல்லாவிட்டால் வாய்தா வாய்தாவாக நடந்து, விசாரணையில்தான் நிரூபிக்க வேண்டும்.

எங்கள் நிதி மேலாளருக்கு அமலாக்கத் துறை சம்மன் வந்திருக்கிறது. கம்பெனி வக்கீலையே கூட அனுப்பலாமா? (கம்பெனி செயலர், சென்னை)

கூடாது. அவர் கம்பெனிக்கு வக்கீல். நாளைக்கே "எல்லாம் மேனேஜர் செய்தது" என்று கம்பெனி சொல்ல வேண்டி வந்தால் யார் பக்கம் நிற்பார்? மேலாளருக்குத் தனி வக்கீல் வேண்டும்.

பணமோசடித் தடுப்புச் சட்டம் 50-வது பிரிவில் சம்மன் வந்தால் போயே ஆக வேண்டும். அங்கே கொடுக்கும் வாக்குமூலம் போலீஸிடம் சொல்வது போல அல்ல, வழக்கில் அவருக்கு எதிராகவே வரலாம். 45-வது பிரிவின் ஜாமீன் நிபந்தனைகளும் கடுமை. 2022-ல் உச்ச நீதிமன்றம் அவற்றை உறுதி செய்துவிட்டது. அதனால் போவதற்கு முன்பே பழைய மெயில்களை உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். மேலிடத்து மெயிலுக்கு யோசிக்காமல் போட்ட ஒரு "ஓகே" அதில் இருக்கும். எதையும் அழிக்க வேண்டாம், அது தனிக் குற்றமாகிவிடும். வாட்ஸ்அப்பில் தானாக அழியும் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

தப்பு செய்த முதலாளிகளுக்கு வாதாட மனசு வருகிறதா?

வருகிறது. ஆனால் கூண்டில் முதலாளி மட்டும் நிற்பதில்லை. சத்யம் சாஃப்ட்வேர் கம்பெனியின் கணக்கு மோசடி வழக்கில் 2015-ல் ஐதராபாத் தனி நீதிமன்றம் தண்டித்த 10 பேரில் நிதிப் பிரிவு ஊழியர்களும் உண்டு. பிறகு அப்பீலில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது.

நான் ஜூனியர். ஒரு கம்பெனி கம்ப்ளையன்ஸ் வேலைக்குக் கூப்பிடுகிறது, நல்ல சம்பளம். போகலாமா? (மதுரை)

முழுநேரச் சம்பளத்துக்குப் போனால் பார் கவுன்சில் விதி 49-ன்படி வக்கீல் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயாவது தரச் சொல்லி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கையில் வருவது சீனியரைப் பொறுத்தது, அது உங்களுக்கே தெரியும். வீட்டு நிலைமை அவசரமில்லை என்றால் நான்கைந்து வருஷம் கோர்ட்டிலேயே இருங்கள். ஒரு போர்டு மினிட்ஸை (இயக்குநர் கூட்டக் குறிப்பை) வைத்து சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து பார்த்தவர் மினிட்ஸ் எழுதச் சொல்லித்தரும் விதமே வேறு. அப்புறம், பேலன்ஸ் ஷீட் படிக்க இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். ஆடிட்டர் நண்பர் ஒருவர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லித் தருவார்.